இடப்பக்கம் திரும்ப நூற்றுப் பன்னிரண்டு விநாடி

எங்கள் அண்ணிக்கு நகராட்சியின் போக்குவரத்துப் பிரிவில் வேலை. என்ன வேலை என்று யாராவது கேட்டால், "ரோட்டோரம் நின்னு எண்ற வேலை" என்பார். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அண்ணி சிரிக்கமாட்டார், ஏனென்றால் அவர் சொன்னது அட்சரசுத்தமான உண்மை. ஒரு நாற்சந்தியில் எத்தனை வண்டி நேரே போகிறது, எத்தனை திரும்புகிறது, சிக்னலில் எத்தனை தேங்கி நிற்கிறது என்று எண்ணி எழுதிக் கொடுக்க வேண்டும். பத்தொன்பது வருஷமாக இதைத்தான் செய்கிறார்.

அலுவலகத்தில் அவருக்குப் 'பதினஞ்சக்கா' என்று பெயர். வண்டிகள் எவ்வளவு நேரம் காத்திருக்கின்றன என்பதை அளக்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். கையில் கட்டியிருக்கும் கடிகாரம் பதினைந்து விநாடிக்கு ஒருமுறை 'பீப்' என்னும். அந்தச் சத்தம் கேட்ட நொடியில் வரிசையில் எத்தனை வண்டி நிற்கிறதோ அதைத் தாளில் எழுதுவார். அப்படி ஒரு மணி நேரத்தில் இருநூற்று நாற்பது தடவை எழுதுவார். இடது கையில் ஒரு கிளிக்கர் இருக்கும். வண்டி திரும்பிப் போகும்போதெல்லாம் ஒரு அமுக்கு. கடைசியில், எழுதிய எண்களை எல்லாம் கூட்டி, பதினைந்தால் பெருக்கி, திரும்பிப் போன வண்டிகளின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு வண்டி சராசரியாக எத்தனை விநாடி நின்றது என்று வந்துவிடும். எனக்கே இது புரிந்துவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் யார் என்று சொல்லவில்லையே. அவருக்குக் கொழுந்தன். வாஷிங் மிஷின் ரிப்பேர் செய்கிறேன். மாடியில் குடியிருக்கிறேன், சாப்பாட்டுக்குக் கீழே இறங்கிவிடுவேன். கல்யாணம் ஏன் ஆகவில்லை என்பது வேறு கதை, அதை இங்கே யாரும் கேட்கப்போவதில்லை என்று நம்புகிறேன்.

சில நாள் அண்ணி கடிகாரத்தை நிறுத்த மறந்து வீட்டுக்கு வந்துவிடுவார். சாப்பிட உட்கார்ந்தால் பதினைந்து விநாடிக்கு ஒரு பீப். எங்கள் அண்ணன் அதற்குத் தகுந்தாற்போல் ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டுவார். அண்ணனுக்கு எல்லாமே விளையாட்டு. அவர் நகரப் பேருந்து ஓட்டுநர், பதினொன்றாம் நம்பர் வண்டி.

அந்தப் பதினொன்றாம் நம்பர் போகிற வழியைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பணிமனையிலிருந்து கிளம்பி, பெரிய சாலையில் வடக்கே போய், கடிகாரக் கடை நாற்சந்தியில் இடப்பக்கம் திரும்பி ஆஸ்பத்திரிக்குப் போகும். ஆஸ்பத்திரியைச் சுற்றிக்கொண்டு பின்பக்கத் தெருக்கள் வழியாக வந்து, அதே பெரிய சாலையில் ஏறி, அதே நாற்சந்தியை வடக்கிலிருந்து நேராகக் கடந்து தெற்கே இறங்கும். கடந்தவுடனே ஒரு நிறுத்தம். ஒரு சுற்றுக்கு அறுபத்தெட்டு நிமிஷம். பன்னிரண்டு நிமிஷத்துக்கு ஒரு வண்டி.

எங்கள் ஊரில் வண்டிகள் சாலையின் வலப்பக்கமாக ஓடும். ஆகவே இடப்பக்கம் திரும்புவதென்றால் எதிரே வருகிற வண்டிகளுக்குக் குறுக்கே புகுந்து போக வேண்டும். அந்த நாற்சந்தியில் திரும்புகிறவர்களுக்கென்று தனி அம்புக்குறி விளக்கு கிடையாது. பச்சை விழுந்ததும் பாதிச் சந்திவரை முன்னேறி, எதிர்ப்பக்கத்துக் கூட்டம் ஓய்ந்து இடைவெளி கிடைக்குமா என்று கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கிடைத்தால் போகலாம். கிடைக்காவிட்டால் மஞ்சள் விழும்போது முன்னால் நிற்கிற இரண்டு பேர் தப்பித்தோம் பிழைத்தோம் என்று திரும்புவார்கள். மிச்சப்பேர் அடுத்த பச்சைக்குக் காத்திருப்பார்கள்.

அண்ணன் தினமும் வீட்டுக்கு வந்து புலம்புவது இந்தத் திருப்பத்தைப் பற்றித்தான்.

"இன்னிக்கு அங்க அரை மணி நேரம் நின்னேன்."

"எத்தனை விநாடி?" என்பார் அண்ணி.

"அரை மணி நேரம்ங்கறேன், விநாடி கேக்குறியே."

"அரை மணி நேரம் நின்னா உங்க பின்னாடி ரெண்டு பதினொண்ணு வந்து ஒட்டியிருக்கும். வந்துச்சா?"

"வரல."

"அப்ப அரை மணி நேரம் இல்ல."

அண்ணன் என்னைப் பார்ப்பார். நானும் அந்தத் திருப்பத்தில் என் வேனை வைத்துக்கொண்டு எத்தனையோ நாள் நின்றவன்தான். ஆனால் சோறு போடுகிற கை அண்ணியுடையது. தட்டைப் பார்த்துக்கொள்வேன்.

புகார்கள் நகராட்சிக்கும் போயின. அண்ணியின் பிரிவில் பொறியாளராக இருந்தவர் ஒரு பெண். முப்பத்தைந்து வயதிருக்கும், மிகவும் கவனமானவர், பென்சில்களை நீளவாரியாக அடுக்கி வைக்கிறவர். சந்தியின் அளவு, விளக்கின் நேரம், எதிரே வருகிற வண்டிகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் கணினியில் போட்டுக் கணக்குப் பார்த்தார். இடப்பக்கம் திரும்புகிற வண்டி சராசரியாக நாற்பத்தோரு விநாடி காத்திருக்கும் என்று வந்தது. நாற்பத்தொன்று என்பது சகித்துக்கொள்ள வேண்டிய அளவுதான். இருந்தாலும் நேரில் ஒருமுறை அளந்து பார்த்துவிடுவோம் என்று அண்ணியை அனுப்பினார்.

அண்ணி ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணியிலிருந்து ஒன்பது மணிவரை எண்ணினார். திரும்பிய வண்டிகள் நூற்று எண்பது. வரிசையில் நின்றவற்றின் கூட்டுத்தொகை ஆயிரத்து முந்நூற்று நாற்பத்து நான்கு. வகுத்துப் பார்த்தால் ஒரு வண்டிக்கு நூற்றுப் பன்னிரண்டு விநாடி.

பொறியாளர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. வலப்பக்கம் திரும்பறதையும் சேர்த்து எண்ணிட்டீங்களோ?"

"மேடம், பத்தொன்பது வருஷத்துல இடம் எது வலம் எதுன்னு ஒரு தடவை கூட குழம்பினதில்ல."

"நான் உங்களைச் சொல்லல. நாற்பத்தொண்ணுக்கும் நூத்திப் பன்னிரண்டுக்கும் ரொம்ப தூரமா இருக்கே. அன்னிக்கு ஏதாவது விபத்து, கிபத்து?"

"ஒண்ணும் இல்ல. நாளைக்கும் எண்ணித் தரேன்."

புதன்கிழமை நூற்று ஒன்பது வந்தது. அண்ணிக்கு உள்ளூர ஒரு திருப்தி, தான் எண்ணியது தப்பில்லை என்று. பொறியாளருக்கோ தூக்கம் போயிற்று. கணக்கும் சரி, எண்ணிக்கையும் சரி என்றால் எது தப்பு என்று தெரியவேண்டுமே. இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் கோபப்படவில்லை. ஆனால் அன்று மத்தியானம் ஒன்றாகச் சாப்பிடவும் இல்லை.

அன்று மாலை அண்ணி எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் இரண்டு நாள் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன்.

"தம்பி, இங்க வா. இந்த எண்ணை எல்லாம் சத்தமா படி."

படித்தேன். மூன்று, இரண்டு, நாலு, மூன்று, மூன்று. பிறகு ஏழு, ஒன்பது, பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று, பதிமூன்று. பிறகு மெல்ல மெல்ல இறங்கி மறுபடியும் மூன்று, நாலு. கொஞ்ச தூரம் போனதும் மறுபடி ஏழு, பத்து, பன்னிரண்டு.

"வயிறு உப்பற மாதிரி உப்புது" என்றேன்.

"எத்தனை தடவை உப்புது?"

எண்ணினேன். ஒரு மணி நேரத்தில் ஐந்து தடவை. இரண்டு நாளும் ஐந்துதான்.

"எல்லா நேரமும் நெரிசலா இருந்தா, ஊர்ல வண்டி ஜாஸ்தின்னு விட்டுடலாம். இது என்னமோ மணி அடிச்சு வர்ற மாதிரி வருது" என்றார். அந்தத் தாளை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. குழம்பு அடுப்பில் தீய்ந்தது. எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான் அவர் தீயவிட்ட குழம்பு.

வியாழக்கிழமை அவர் ஒரு புது ஏற்பாட்டோடு போனார். அதுவரை அவர் கண் வரிசையில் மட்டும்தான் இருந்தது. பீப் என்றால் நிமிர்வது, எண்ணுவது, குனிந்து எழுதுவது. பதினைந்து விநாடியில் வேறெதையும் பார்க்க நேரம் இருக்காது. அன்றைக்கு, வரிசை ஏழைத் தாண்டினால் உடனே சந்தி முழுக்க ஒரு சுற்றுப் பார்ப்பது என்று முடிவு செய்துகொண்டார்.

எட்டு மணி பத்து நிமிஷத்துக்கு வரிசை எட்டானது. சுற்றிப் பார்த்தார். சாலைக்கு நேர் எதிர்ப்பக்கத்து நிறுத்தத்தில் ஒரு பதினொன்றாம் நம்பர் நின்றது. ஏற வேண்டியவர்கள் ஏறிவிட்டார்கள், கதவு மூடியாகிவிட்டது, வண்டி மட்டும் நகரவில்லை. அது ஒரு பாதையை அடைத்துக்கொண்டு நின்றதால் வடக்கிலிருந்து வந்த வண்டிகள் இரண்டு பாதையிலிருந்து ஒற்றைப் பாதைக்கு ஒதுங்கி, ஒவ்வொன்றாக ஊர்ந்தன. பச்சை முடியும்வரை அந்தக் கூட்டம் ஓயவே இல்லை. இடப்பக்கம் திரும்ப நின்றவர்களுக்கு ஊசி நுழையும் இடைவெளிகூடக் கிடைக்கவில்லை. பச்சைக்கு இரண்டு வண்டி வீதம் மஞ்சளில் தப்பித்தது. மூன்று நிமிஷம் கழித்துப் பேருந்து கிளம்பியது. வரிசை கரையத் தொடங்கியது.

எட்டு இருபத்திரண்டுக்கு அடுத்த பதினொன்று. அதே கதை.

எட்டு முப்பத்து நாலுக்கு மூன்றாவது பதினொன்று வந்து நின்றது. இரண்டு நிமிஷம் கழித்து அண்ணி நிமிர்ந்து பார்த்தார். ஓட்டுநர் ஸ்டியரிங் மேல் பேப்பரை விரித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். சாவகாசமாக ஒரு பக்கம் புரட்டினார். புரட்டும்போது சாலைக்கு இந்தப் பக்கம் அண்ணி நிற்பதைப் பார்த்து, முகமெல்லாம் சிரிப்பாகக் கையாட்டினார். எங்கள் அண்ணன்தான்.

அண்ணி கையாட்டவில்லை. இரண்டு கையிலும் வேலை இருந்தது. தாளின் ஓரத்தில் இப்படி எழுதினார்: 'பேருந்து நின்ற நேரம் 2 நிமிடம் 50 விநாடி. ஓட்டுநர் கை காட்டினார்.' அந்தத் தாளை நான் பிற்பாடு பார்த்தேன். உத்தியோக முத்திரையோடு கோப்பில் இருக்கிறது.

மாலையில் அண்ணன் வந்து சட்டையைக் கழற்றக்கூட இல்லை, அண்ணி ஆரம்பித்துவிட்டார். குரல் உயரவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"என்னங்க, சிக்னலைத் தாண்டின ஸ்டாப்புல ஏன் அவ்வளவு நேரம் நிக்கிறீங்க?"

"டைம் இருந்துச்சு, நின்னேன். டைமுக்கு முன்னாடி எடுத்தா மெமோ குடுப்பாங்க."

"டைம் எப்படி மிஞ்சுது?"

"இடப்பக்கத் திருப்பத்துல மாட்டுவோம்னு சேர்த்துக் குடுத்திருக்காங்க. அஞ்சு நிமிஷம். நாங்க எவ்வளவு போராடி வாங்கினது தெரியுமா?"

"சரி. திருப்பத்துல மாட்டலன்னா?"

"அப்ப மிஞ்சும்."

"மிஞ்சினா?"

"அந்த ஸ்டாப்புல நின்னு கழிப்போம். எல்லாரும் அங்கதான்..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். ஒரு பொத்தான் கழற்றியபடி, ஒரு பொத்தான் மாட்டியபடி நின்றார்.

நான்தான் வாய் வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "அண்ணே, அப்ப முன்னாடி போற பதினொண்ணு நிக்கிறதாலதான் பின்னாடி வர்ற பதினொண்ணு மாட்டுதா?" என்று கேட்டுவிட்டேன். அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் அடுத்த ஒரு வாரம் நான் மாடியிலேயே சமைத்துக்கொள்வது உத்தமம் என்று பட்டது.

மறுநாள் அண்ணியும் பொறியாளரும் பணிமனைக்குப் போனார்கள். அங்கே கால அட்டவணை போடும் அதிகாரி ஒருவர், மரியாதையான மனிதர், மிகவும் பெருமையாக விளக்கினார். ஓட்டுநர்கள் முதலில் புகார் செய்தபோது இரண்டு நிமிஷம் சேர்த்தாராம். புகார் நிற்கவில்லை, அடுத்த வருஷம் ஒரு நிமிஷம். அப்புறமும் புகார் வந்தது, மேலும் இரண்டு.

"புகார் வர வர நாங்க கேக்காம இருந்ததே இல்ல" என்றார். "இப்பக் கூட ரொம்ப மோசமாயிடுச்சுன்னு சொல்றாங்க. இந்த மாசம் இன்னும் ரெண்டு நிமிஷம் குடுக்கலாம்னு இருக்கோம்."

பொறியாளர் இருமினார். அண்ணி ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். வெளியே வந்து தெருமுனை திரும்பும்வரை இரண்டு பேரும் அடக்கிக்கொண்டு, பிறகு ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்களாம். அன்று மத்தியானம் ஒன்றாகத்தான் சாப்பிட்டார்கள்.

அறிக்கை தயாரானது. சேர்த்துக் கொடுத்த ஐந்து நிமிஷத்தையும் எடுத்துவிட்டால் வண்டிகள் நிற்க வேண்டியிருக்காது, எதிர்ப்பக்கத்துப் பாதை அடைபடாது, திரும்புகிற வரிசை கரைந்துவிடும் என்று எழுதினார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஓட்டுநர்களுக்கு விஷயம் எட்டியதும் பணிமனை கொதித்தது. "உன் வீட்டுக்காரம்மா எங்க அஞ்சு நிமிஷத்தை எண்ணியே எடுத்துட்டாங்களே" என்று அண்ணனைப் பார்க்கிறவர்களெல்லாம் கேட்டார்கள். அண்ணன் அண்ணியோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே நான் தூது போனேன். "உப்பு வேணுமான்னு கேளு." "வேணாம்னு சொல்லு." உப்பு இருந்தது இருவருக்கும் கை எட்டுகிற தூரத்தில்.

நாலாவது நாள் காலையில் அண்ணன் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டே, ஷூவிடம் பேசுவது போலச் சொன்னார்.

"அந்த ஸ்டாப்புக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு யாராவது எண்ணினாங்களா?"

அண்ணி கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தார். "என்ன இருக்கு?"

"பொதுக் கழிப்பறை. அறுபத்தெட்டு நிமிஷச் சுத்து. பணிமனையை விட்டா நாங்க இறங்கிப் போக வேற இடம் கிடையாது. எங்கள்ல நாலு பேருக்குச் சர்க்கரை. ஒரு அம்மா ஓட்டறாங்க, அவங்க காலைல தண்ணியே குடிக்கறதில்ல. பேப்பர் படிக்கிறது கடைசி ஒரு நிமிஷம்தான். அதைத்தான் நீ பார்த்த."

அண்ணி ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். பிறகு, "இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றார்.

"இதைப் போய் எப்படிச் சொல்றது?" என்றார் அண்ணன். காது சிவந்துவிட்டது.

அண்ணிக்கு மனசு ஆறவில்லை. தான் எண்ணியது ஒன்றும் தப்பில்லை, ஆனால் எண்ணாமல் விட்டது ஒன்று இருக்கிறது என்பது அவரைக் குடைந்தது. அலுவலகத்துக்குப் போனதும் அறிக்கையைத் திருப்பி வாங்கித் தரச் சொன்னார். மேலே போன தாளைத் திருப்பி வாங்குவது லேசான காரியமில்லை. பொறியாளர் வாங்கிக் கொடுத்தார்.

அதன்பிறகு இரண்டு பேரும் பதினொன்றாம் நம்பர் போகிற வழி முழுவதையும் கால்நடையாக நடந்து பார்த்தார்கள். ஆஸ்பத்திரியின் பின்வாசலுக்குப் பக்கத்தில், சாலையை விட்டு உள்ளே ஒதுங்கினாற்போல ஒரு பேருந்து தாராளமாக நிற்க இடம் இருந்தது. பழைய பூந்தொட்டிகளும் உடைந்த கட்டில் ஒன்றும் கிடந்தன. பத்தடி தூரத்தில் காவலாளிகளின் கழிப்பறை. மிஞ்சுகிற நேரத்தை நாற்சந்தியில் கழிக்காமல் இங்கே கழித்தால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. திருப்பத்தில் மாட்டினால் தாமதத்தையும் இங்கேயே சரிக்கட்டிக்கொள்ளலாம்.

ஆஸ்பத்திரி நிர்வாகி முதலில் முகம் கொடுக்கவில்லை. "இது நோயாளிகளுக்கான இடம்" என்றார். அண்ணி, "சார், வேலை முடிஞ்சு வர்ற நர்ஸுங்க தினமும் வெயில்ல நிக்கிறாங்க. நேத்து சாயங்காலம் இருபத்தாறு பேர் நின்னாங்க. வண்டி இங்கேயே நின்னா உள்ள உட்கார்ந்துக்கலாம்" என்றார். இருபத்தாறு என்ற துல்லியம் அவரை அசைத்துவிட்டது. ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். அன்றைக்கும் நின்றார்கள். பூந்தொட்டிகளை அகற்றச் சொல்லிவிட்டார். உடைந்த கட்டிலை யார் அகற்றுவது என்பதில் மட்டும் மூன்று வாரம் கடிதப் போக்குவரத்து நடந்தது.

கட்டில் போன பிறகு புது அட்டவணை வந்தது. ஐந்து நிமிஷத்தில் இரண்டைக் குறைத்தார்கள், மூன்றை ஆஸ்பத்திரிப் பின்வாசலுக்கு மாற்றினார்கள். நாற்சந்தி நிறுத்தத்தில் ஆள் ஏறி இறங்கியதும் வண்டியை எடுத்துவிட வேண்டும் என்று உத்தரவு.

இரண்டு வாரம் கழித்து அண்ணி மறுபடி எண்ணினார். திரும்பிய வண்டிகள் அதே நூற்று எண்பது. கூட்டுத்தொகை ஐந்நூற்று இருபத்தெட்டு. ஒரு வண்டிக்கு நாற்பத்து நாலு விநாடி.

பொறியாளர் தன் பழைய தாளை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். நாற்பத்தொன்று.

"மூணு விநாடி உதைக்குது அக்கா" என்றார்.

"அது உங்க கணக்குல இருக்கா, என் கையில இருக்கா?"

"ஆளுக்கு ஒண்ணரை வச்சுக்கலாம்."

பணிமனையில் கோபம் தணிந்துவிட்டது. தண்ணீர் குடிக்காமல் ஓட்டிக்கொண்டிருந்த அந்த அம்மா இப்போது ஒரு லிட்டர் பாட்டில் எடுத்துப் போவதாக அண்ணன் சொன்னார். ஓட்டுநர்கள் சேர்ந்து அண்ணிக்கு ஒரு மடக்கு நாற்காலி வாங்கினார்கள், தலைக்கு மேலே குடை வைத்தது. பத்தொன்பது வருஷமாக நின்றே எண்ணுகிறவருக்கு இது அவசியம் என்று அவர்களாகவே தீர்மானம் செய்திருக்கிறார்கள். கொண்டுவந்து கொடுக்கும் பொறுப்பு அண்ணன் தலையில் விழுந்தது. அவர் அதைப் பேருந்தின் முன்பக்கம் கட்டி எடுத்துவந்து, அண்ணி எண்ணிக்கொண்டிருந்த இடத்தில் இறக்கி, விரித்து, குடையைத் திறந்து வைத்தார். "எல்லாரும் குடுக்கச் சொன்னாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டிக்கு ஓடினார். உள்ளே பயணிகள் காத்திருந்தார்கள்.

அண்ணி உட்கார்ந்தார். நல்ல நாற்காலிதான். ஆனால் உட்கார்ந்த உயரத்திலிருந்து வரிசையில் நாலாவது காருக்கு அப்பால் எதுவுமே தெரியவில்லை. பீப் என்றது, எழுந்தார், எண்ணினார், உட்கார்ந்தார். மறுபடி பீப் என்றது, எழுந்தார். பத்து நிமிஷத்தில் நாற்பது தடவை எழுந்து உட்கார்ந்தால் முழங்கால் என்ன ஆகும் என்பதை அண்ணிக்கு யாரும் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

நாற்காலி இப்போது பொறியாளரின் அறையில், ஜன்னல் ஓரமாக, குடை மடக்கி வைக்கப்பட்டிருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் உட்காருகிறார்கள். ஓட்டுநர்கள் கேட்டால் ரொம்ப வசதியாக இருக்கிறது என்று சொல்லும்படி அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறார் அண்ணி. அண்ணனும் அப்படியே சொல்லிக்கொண்டிருக்கிறார்.